பத்தொன்பது நாற்றுகளும் ஒரு சாட்டும்

லெஸ்ரர்
11 ஒக்டோபர் 2020

சுலக்சனாவின் அப்பாவுக்கு,

போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. தங்கச்சி அமலினி தன் வீட்டில் எங்களுக்குத் தந்திருப்பது மேல்மாடியில் ஒற்றை அறை. நான் உங்களோடு சண்டை பிடிக்க, பிள்ளை போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு நித்திரை மாதிரி நடிக்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு முன்னால் இது சரியில்லை. ஆகையால் இனி போன் அவளுக்கு, கடிதம் எங்களுக்கு. கல்யாணம் முடிந்து நீங்கள் முதலில் இத்தாலிக்குப் போக, நான் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தபோதும் கடிதம்தானே. அப்போது நன்றாகத்தான் எழுதினீர்கள்.

முதலில் பூ, பிறகு கோபம்.

இரிஸ் விதை ஐம்பத்து மூன்றும் குசினியில் கோப்பித் தகரத்துக்குள் இருக்கின்றன. மிளகு மாதிரி இருக்கும், ரசத்தில் போட்டுவிடாதீர்கள். இந்த வாரமே சட்டியில் ஊன்ற வேண்டும். பாதி மண், பாதி மணல். விரலின் முதல் கணு அளவுதான் ஆழம். சட்டிகள் வெளியே மழையிலும் குளிரிலும் கிடக்கட்டும், பாவம் பார்த்து உள்ளே தூக்கி வைக்க வேண்டாம். குளிர் படாத விதை கண் திறக்காது. சட்டியில் பெயர் எழுதிக் குத்துங்கள்: "சிஞ்ஞோராவின் நீலம், மஞ்சள்." தாய்ப்பூவின் பெயர் முதலில், தகப்பன் பூவின் பெயர் பின்னால். பூ வளர்க்கிறவர்களின் வழக்கம் அது, நான் வைத்த சட்டம் இல்லை.

இந்தச் சித்திரை ஊரடங்கில் வேலைக்குப் போக முடியாமல் இருந்தபோதுதான் காலையில் எழும்பி ஒரு பூவை ஆறுதலாகப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது. நீங்கள் வாங்கித் தந்த மஞ்சளின் மகரந்தத்தைப் புருவம் திருத்தும் சாவணத்தால் பிடுங்கி, மூன்றாம் மாடிக் கிழவியம்மா சிஞ்ஞோரா இன்கார்தோனா தந்த நீலப்பூவின் உதட்டில் தடவினேன். "கலியாணத் தரகர் வேலையும் தொடங்கிட்டீரோ?" என்று பக்கத்தில் நின்று பகிடி பண்ணினீர்கள். எனக்குச் சந்தன நிறத்தில், இதழ் நடுவில் நீல மயிர்த் தாடியோடு ஒரு பூ வேண்டும். உலகத்தில் எங்காவது இருக்கலாம். எங்கள் முற்றத்தில் இல்லை.

இனிக் கோபம். ஐரோப்பாவை விட்டு விலகின இங்கிலாந்து, டிசம்பர் முப்பத்தொன்றோடு எங்கள் மாதிரி ஆட்களுக்குக் கதவை மூடுகிறது. எங்கள் மூன்று பேரிடமும் இத்தாலிப் பாஸ்போர்ட் இருக்கிறது, மூன்று டிக்கெட் எடுத்தோம். விமான நிலையம் வரை பெட்டியை இழுத்து வந்துவிட்டு, "நீங்கள் போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்று திரும்பிவிட்டீர்கள். மூன்று மணித்தியாலம் ஒரு வெறும் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்து வந்தேன். அந்த இருக்கையின் பெல்ற்றையும் சுலக்சனா பூட்டி வைத்தாள்.

எப்போது வருகிறீர்கள்?

குகனேஸ்வரி


பலெர்மோ
3 நவம்பர் 2020

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

நீர் சொன்னதில் ஓர் எழுத்தும் பிசகாமல் செய்தேன். மூன்று சட்டி, பாதி மண், பாதி மணல், முதல் கணு ஆழம். பெயரும் எழுதிக் குத்தியாயிற்று. தாய் முதலில், தகப்பன் பின்னால். இந்த வீட்டில் இத்தனை வருடம் நடந்ததும் அதுதானே என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

சட்டிகள் பின்முற்றத்தில் மழை விழும் இடத்தில் இருக்கின்றன. இரண்டாம் மாடி வக்கீல் வந்து, "என்ன குணா, வெறும் மண்ணுக்கும் காவலாளி வைத்துவிட்டார்களா?" என்று கேட்டார். இரிஸ் என்றேன். இந்த ஊரில் இரிஸ் என்றால் பாதிப்பேருக்கு ரிக்கோட்டாப் பாற்கட்டி வைத்துப் பொரித்த பன்தான் நினைவுக்கு வரும். எனக்கும் இரண்டு எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிக்கெட் விஷயம். கோபிக்க வேண்டாம். இந்தக் கட்டடத்துக்கு வேறு காவலாளி தேடுவதாக நிர்வாகி சொல்கிறார், தேடுகிற மாதிரித் தெரியவில்லை. சிஞ்ஞோரா இன்கார்தோனா எண்பத்து நாலு வயதில் கொரோனாவுக்குப் பயந்து கீழே இறங்குவதேயில்லை. பாணும் மருந்தும் நான்தான் ஏற்றுகிறேன். பிறகு உம்முடைய பூக்கள். நான் வந்துவிட்டால் புதிதாக வருகிறவன் பின்முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவான். எட்டு வருடமாக வேலை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் நீர் கொத்திய நிலம். அதை விட்டுவிட்டு வர எனக்கு மனம் ஏவவில்லை.

டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. பார்ப்போம்.

நீர் போன பிறகு வீடு பெரிசாகிவிட்டது. ஒன்றரை அறை எப்படிப் பெரிசாகும் என்று கேட்பீர். வந்து பார்த்தால் தெரியும்.

குணரத்தினம்


லெஸ்ரர்
4 ஜனவரி 2021

திரு. குணரத்தினம் அவர்களுக்கு,

கதவு மூடியாயிற்று. முப்பத்தோராம் திகதி பின்னேரம் அமலினி உங்களுக்கும் சேர்த்து இடியப்பம் அவித்தாள். "வராமல் விடமாட்டார் அக்கா, கடைசி நிமிசம் வந்து நிக்கிறதுதானே அவரின்ரை பழக்கம்" என்றாள். உங்கள் பங்கை அடுத்த நாள் காலை நான் சாப்பிட்டேன். காய்ந்து போயிருந்தது.

மகள் கேட்டாள், "அப்பாக்கு எங்களிலை விருப்பமில்லையோ?" என்று. பூ இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றேன். உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய் அது இல்லை, ஆனால் எனக்கு அதிகம் வலித்தது அதுதான். நான் அந்தப் பூக்களை விட்டுவிட்டு வந்தவள். ஒரு பிள்ளையின் படிப்புக்காக அவ்வளவையும் விட்டேன். நீங்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் பூவைச் சாட்டி நிற்கிறீர்கள்.

சரி. பூவையே பாருங்கள். அந்த விதையில் ஒன்று என்றைக்குப் பூக்கிறதோ அன்றைக்கு நான் பலெர்மோவுக்கு வருவேன். அதற்கு முதல் வர மாட்டேன். வா என்று கேட்கவும் வேண்டாம்.

குகனேஸ்வரி


பலெர்மோ
2 மார்ச் 2021

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

உம்முடைய கடிதம் ஜனவரியிலேயே கிடைத்தது. நல்ல செய்தி வந்த பிறகு எழுதுவோம் என்று இருந்தேன்.

முளைத்துவிட்டது.

பெப்ரவரி பதினாறாம் திகதி காலை படிக்கட்டைக் கழுவின வாளியோடு போனேன். நடுச் சட்டியில் பச்சையாக ஒரு ஊசி. புல் என்று பிடுங்கப் போய்க் கையை எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் நாலு. இன்றைக்கு எண்ணினேன், பத்தொன்பது. மூன்று தரம் எண்ணினேன். பிறகு மூன்றாம் மாடிக்கு ஓடிப் போய்ச் சிஞ்ஞோராவுக்குச் சொன்னேன். அவ பல்கனியில் நின்று கீழே எட்டிப் பார்த்து, கண் தெரியாவிட்டாலும் தெரிந்தது என்று சொல்லிக் கை தட்டினா. "உன் மனைவியிடம் சொல், என் தாயின் தோட்டத்து நீலம் அது, இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டது" என்றா.

ஈஸ்வரி, எங்களுக்கு சுலக்சனா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்துக் கடையில் கோப்பி வாங்கி வாங்கிக் குடித்தேனே. அதே மாதிரி இன்றைக்கும் செய்தேன். நாலு கோப்பி.

எப்போது பூக்கும்? இந்தச் சித்திரையில் பூக்குமா? நான் நாளை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

குணரத்தினம்


லெஸ்ரர்
23 மே 2021

சுலக்சனாவின் அப்பாவுக்கு,

இந்தச் சித்திரையில் பூக்குமா என்று கேட்டீர்கள். இரண்டு மாதக் குழந்தைக்குப் பூப்புனித நீராட்டு விழா கேட்கிற மாதிரி இருக்கிறது. அமலினிக்கு வாசித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. நானும் சிரித்தேன். கனநாளுக்குப் பிறகு.

பத்தொன்பது என்றால் நல்ல விளைச்சல். அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இப்போது கவனமாக வாசியுங்கள். நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் பின்முற்றத்தில் நிலத்துக்கு மாற்ற வேண்டும். கிழங்கைப் புதைக்கக் கூடாது. குளத்துக்கரையில் ஆமை கிடப்பது போல அதன் முதுகு வெயிலில் கிடக்க வேண்டும். நட்ட புதிதில் கொஞ்சம் தண்ணீர். வேர் பிடித்த பிறகு, ஆடி ஆவணியில், தண்ணீரே காட்டக் கூடாது. இலை நுனி பழுக்கும், பார்க்கக் கவலையாக இருக்கும். அது சாவு இல்லை, நித்திரை. விட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் அடுத்த வருடம் சித்திரையில் ஒன்றிரண்டு பூக்கலாம்.

நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை தொடங்கிவிட்டேன். இருநூறு பிள்ளைகளுக்கு உப்பில்லாத உருளைக்கிழங்கு. மகள் கெட்டிக்காரியாகப் படிக்கிறாள். கோபம் வந்தால் மட்டும் இத்தாலியனில் ஏசுகிறாள், அதுவும் பல்லரோ சந்தை மீன்காரரின் இத்தாலியன். அதைக் கேட்டதும் எனக்கு நீங்கள் வாசலில் நிற்கிற ஞாபகம் வருகிறது.

அடுத்த சித்திரை. நான் சொன்ன சொல் சொன்னதுதான்.

குகனேஸ்வரி


பலெர்மோ
12 செப்டெம்பர் 2021

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

பிந்தி எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். இந்த முறை வெயில் மனிதரைப் பொரித்து எடுத்துவிட்டது. ஆபிரிக்காப் பக்கத்துச் சூட்டுக் காற்று ஒரு கிழமை அடித்தது. வக்கீல் வீட்டு நாய்கூடப் படிக்கட்டின் பளிங்கில்தான் படுத்துக் கிடந்தது.

நாற்றுகள் மிகவும் நன்றாக இருக்கின்றன. பத்தொன்பதும் வலு செழிப்பு. இலைகள் அகலமாக, பச்சைப் பசேலென்று, பார்க்கிறவர்கள் எல்லாம் வியக்கிறார்கள். நீர் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். உம்முடைய கைராசிதான், வேறென்ன.

சிஞ்ஞோரா சுகமாக இருக்கிறா. கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் பழுதாகித் திருத்தியாயிற்று. போர்கோ வெக்கியோ சந்தையில் இப்போது எங்கள் ஆள் ஒருவர் வாழைப்பூ விற்கிறார். மொண்டெல்லோவில் ஒரு வில்லாவில் தோட்டக்காரராக இருக்கும் கேசவெனை உமக்குத் தெரியும்தானே, தமிழே தெரியாமல் தைப்பூசக் காவடி எடுக்கிற மொரிசியஸ்காரர். ஒருநாள் வந்து முற்றத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

சித்திரைக்கு வாரும். எப்படியும் வாரும். பூத்தாலும் பூக்காவிட்டாலும் வாரும் என்று எழுத ஆசை. நீர் கேட்க வேண்டாம் என்று சொன்னீர், ஆகையால் கேட்கவில்லை.

குணரத்தினம்


லெஸ்ரர்
16 ஜனவரி 2022

சுலக்சனாவின் அப்பாவுக்கு,

பள்ளிக்கூட விடுமுறை சித்திரையில் இரண்டு கிழமை. ஒன்பதாம் திகதி சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், எனக்கு மட்டும். பிள்ளைக்குச் சோதனை.

இப்போது ஒவ்வொரு நாற்றிலும் எத்தனை இலை, விசிறி மாதிரி விரிந்திருக்கிறதா என்று எழுதுங்கள். விசிறியின் அடியில் ஊதா நிறம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது ஓடினால் நீலத்தின் இரத்தம். ஓடாவிட்டால் மஞ்சளின் பக்கம். பிள்ளை பிறந்ததும் மூக்கு ஆருடையது என்று பார்க்கிற மாதிரித்தான் இதுவும். பத்தொன்பதுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், "வலு செழிப்பு" என்று ஒரே சொல்லில் முடிக்க வேண்டாம்.

ஒரு விஷயம். போன முறை உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு ஏனோ நித்திரை வரவில்லை. மற்றக் கடிதங்களில் நிர்வாகி ஆள் தேடவில்லை, வீடு பெரிசாகிவிட்டது, வக்கீல் பகிடி பண்ணுகிறார் என்று ஏதாவது ஒரு முறைப்பாடு இருக்கும். அந்தக் கடிதத்தில் வெயிலைத் தவிர ஒரு முறைப்பாடும் இல்லை.

வரும்போது என்ன கொண்டு வர?

குகனேஸ்வரி


பலெர்மோ
20 மார்ச் 2022

ஈஸ்வரி,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஐந்து தாள் கிழித்துவிட்டேன். ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதும் இல்லை. ஆடி மாதமே செத்துவிட்டன. செப்டெம்பரில் நான் எழுதியது பொய்.

நீர் தண்ணீர் காட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தீர். அந்த வரி எனக்குப் பாடம். ஆனால் அந்தச் சூட்டுக் காற்றில் இலை நுனி பழுக்கத் தொடங்கியதும் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நீர் நித்திரை என்று எழுதியது எனக்குச் சாவாகவே தெரிந்தது. நான் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் கட்டி வளர்ந்தவன். வாடுகிற பயிருக்கு முன்னால் வாளியோடு சும்மா நிற்க எனக்குத் தெரியாது. முதலில் ஒரு செம்பு. பிறகு காலையும் பின்னேரமும். முதுகு சுடும் என்று கிழங்குகளை இஞ்சி மாதிரி மண்ணால் மூடினேன். அதற்கு மேல், கறிவேப்பிலைக்கு ஊற்றுகிற மாதிரி, அரிசி கழுவின தண்ணீரும் பல்லரோவில் வாங்கிய சூடை மீன் கழுவின தண்ணீரும் ஊற்றினேன். எங்கள் கறிவேப்பிலை அதில்தானே ஆள் உயரம் வளர்ந்தது.

ஒரு கிழமையில் மணக்கத் தொடங்கியது. மீன் தண்ணீர் மணம் என்று நினைத்தேன். ஒரு இலையைப் பிடித்தேன், விசிறி முழுதும் அடியோடு கையில் வந்தது. கிழங்கு இருந்த இடத்தில் கூழ். கேசவெனைக் கூப்பிட்டேன். குந்தியிருந்து விரலால் தோண்டி மணந்து பார்த்தார். "யார் இவ்வளவு அன்பு காட்டினது?" என்று இத்தாலியனில் கேட்டார். நான் என்று சொன்னேன். இரண்டு பேருமாகக் கிளறி எடுத்தோம். சிஞ்ஞோராவின் நீலமும் மஞ்சளும் தள்ளி இருந்தபடியால் தப்பின. பத்தொன்பதும் போயிற்று.

ஏன் பொய் எழுதினேன் என்று கேட்பீர். பூத்தால் வருவேன் என்று சொன்னீர். பூ இல்லை என்றால் நீர் இல்லை. எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. சித்திரைக்குள் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது. நீர் விசிறிக்கு அடியில் ஊதா ஓடுகிறதா என்று கேட்ட கடிதத்தை இரண்டு மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படி கூட்டினேன்.

அதுகளோடு நான் கதைப்பேன், ஈஸ்வரி. இந்த வீட்டில் என்னோடு உயிரோடு இருந்தது அதுகள்தான். உம்மை நினைத்து நினைத்து ஊற்றினேன்.

டிக்கெட்டை என்ன செய்வது என்று நீரே முடிவு செய்யும்.

குணரத்தினம்


லெஸ்ரர்
26 யூன் 2022

இஞ்சாருங்கோ,

மூன்று மாதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். டிக்கெட்டை விட்டுவிட்டேன். விடுமுறையில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் சமையலறைக்கே போய், பெரிய பாத்திரங்கள் எல்லாவற்றையும் தேய்த்தேன். தேய்க்கும்போது அழுதேன். "பூவுக்கு அழுறீங்களோ, அப்பாக்கு அழுறீங்களோ?" என்று மகள் கேட்டாள். தெரியாது என்றேன்.

பத்தொன்பது பிள்ளையை மீன் தண்ணீர் ஊற்றிக் கொன்றிருக்கிறீர்கள். நீங்கள் ஆசையோடு பார்க்கிற ஒன்றும் மெலிந்து சாகாது, மூழ்கித்தான் சாகும். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, அதுதான் கோபம்.

இனி என் பங்கு. நானும் ஒரு பொய் வைத்திருந்தேன். விதை போட்ட இரிஸ் பூக்க இரண்டு வருடம், சில வேளை மூன்று வருடம் செல்லும். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அடுத்த சித்திரையிலேயே பூக்கலாம் என்று பிறகு எழுதியது என் ஆசை. போன வருடம் ஜனவரியில் கோபத்தில் தூர நாளாகப் பார்த்துத்தான் "பூக்கிற அன்றைக்கு" என்று எழுதினேன். அதற்குள் உங்களை மறந்துவிடலாம், அல்லது நீங்கள் வந்துவிடுவீர்கள், இரண்டில் ஒன்று நடக்கும், நான் ஒன்றும் முடிவு செய்யத் தேவையில்லை என்று நினைத்தேன். உங்கள் செப்டெம்பர் கடிதத்திலேயே நாற்று இல்லை என்று எனக்குப் பட்டுவிட்டது. அப்படியிருந்தும் டிக்கெட் எடுத்தேன், இலை எண்ணச் சொன்னேன். நீங்கள் உண்மையைச் சொன்னால் நான் ஏதாவது முடிவு செய்ய வேண்டி வரும். அதனால் சொல்லாமலே இருங்கள் என்று ஒரு மனம். சொல்லட்டும் என்று ஒரு மனம்.

நீங்கள் பூவைச் சாட்டி நின்றீர்கள், நான் பூவைச் சாட்டி வராமல் இருந்தேன். அது பாவம், இரண்டு பேரையும் தாங்க ஏலாமல் அழுகிப் போயிற்று.

இனி நான் நாள் குறிக்க மாட்டேன். எனக்கு இங்கே மகளின் படிப்பு முடியும் வரை அசைய முடியாது. முடிந்த பிறகும் திரும்புவேனோ தெரியாது, அது உண்மை. அடுப்பில் பால் பொங்கினால் ஓடிப் போய் இறக்க ஆளில்லாத மாதிரி இருக்கிறது எனக்கு ஒவ்வொரு நாளும். நீங்கள் வேண்டும். அமலினி பக்கத்து அறையையும் விட்டுத் தந்திருக்கிறாள். மூடின கதவில் குடும்பத்துக்கு மட்டும் விசா தருகிற ஒரு சன்னல் இருக்கிறதாம், சுலக்சனா கணினியில் பார்த்துச் சொன்னாள். படிவம் அவள் நிரப்புவாள்.

வருவதென்றால் வாருங்கள். வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள். பூ, கிழங்கு, சிஞ்ஞோரா, நிர்வாகி, ஒருவரையும் சாட்டாமல் எழுதுங்கள்.

ஈஸ்வரி


பலெர்மோ
18 செப்டெம்பர் 2022

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

சாட்டாமல் எழுதச் சொன்னீர். அதுதான் இவ்வளவு நாள் சென்றது.

எனக்குப் பயம். வேறொன்றும் இல்லை. இந்த ஊரில் இருபத்தைந்து வருடம். பல்லரோவில் எலுமிச்சங்காய்க்காரன் வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். இந்தக் கட்டடத்தில் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று எனக்குத்தான் தெரியும். அங்கே நான் யார்? ஐம்பத்தாறு வயதில் "குட் மோர்னிங்" சொல்லிப் பழக வேண்டும். மகள் இங்கிலீசில் கதைக்க, நான் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும். விமான நிலையத்தில் அவள் உங்கள் இரண்டு பேரின் பயணப் படிவத்தையும் நிரப்பினாள், என் படிவத்தையும் வாங்கி நிரப்பினாள். அந்த நேரம்தான் கால் திரும்பியது. நிர்வாகி அல்ல. பூவும் அல்ல. பிள்ளையின் கையில் என் படிவத்தைப் பார்த்த வெட்கம்.

இப்போது விசாப் படிவத்தையும் அவளிடமே கொடுக்கச் சொல்லி எழுதுகிறேன். நிரப்பச் சொல்லும். நிர்வாகியிடம் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விசா வந்ததும் சாவியைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இந்த வீடும் போய்விடும், திரும்பி வர இடமில்லை. தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன்.

உம்மைக் கண்டு இரண்டு வருடம். உம்முடைய குரலைச் சுலக்சனாவின் போனுக்குப் பின்னால், குசினியில் பாத்திரம் வைக்கிற சத்தத்தோடுதான் கேட்கிறேன். அதற்காகவே சில நாட்களில் அவளுக்கு எடுப்பேன்.

குணரத்தினம்


பலெர்மோ
7 மார்ச் 2023

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

விசா வந்துவிட்டது என்று மகள் சொல்லியிருப்பாள். 28ஆம் திகதி செவ்வாய்க்கிழமை விமானம். லண்டனுக்கு வந்து, அங்கிருந்து பஸ்.

போன கிழமை பின்முற்றத்தைத் துப்புரவாக்கினேன். விதை போட்ட அந்த மூன்று சட்டியும் மூலையில் கிடந்தன. நாற்றுகள் செத்த நாளிலிருந்து அந்தப் பக்கம் போகவே எனக்கு மனம் இருக்கவில்லை. மண்ணைக் கொட்ட என்று தூக்கினேன். ஒரு சட்டியில் மூன்று பச்சை ஊசி.

கேசவெனுக்குப் போன் எடுத்தேன். வந்து பார்த்துவிட்டு, சில விதை இரண்டு மூன்று வருடம் நிலத்துக்குள்ளேயே கிடந்து யோசித்துவிட்டுத்தான் வரும் என்றார். நிலத்தில் மாற்றி, நோய் நொடியில்லாமல் பார்த்தால் இன்னும் இரண்டு வருடத்தில் பூக்குமாம். உம்முடைய நீலம், என்னுடைய மஞ்சள், அதே பிள்ளைகள்தான்.

அன்றைக்கு முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை. சட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இருந்தேன். இரண்டு வருடம். அதற்கு நான் இங்கே நிற்கலாம், நின்றால் ஒருவரும் பிழை சொல்ல முடியாது. நீரும் "பூக்கட்டும், பிறகு பாப்பம்" என்று எழுதக்கூடும். நிர்வாகிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் என் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். எவ்வளவு லேசு என்று பாரும். இதை உமக்கு எழுதாமலே விடுவோமா என்றும் யோசித்தேன். அப்படிச் செய்தால் அதுவும் ஒரு பொய்.

பின்னேரம் சட்டியைக் கேசவெனிடம் கொடுத்துவிட்டேன். மொண்டெல்லோவில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைப்பார். தண்ணீர் விஷயத்தில் அவருக்கு என்னைவிடக் கல் மனம். சிஞ்ஞோராவிடம் விடைபெறப் போனேன். அழுதா, பிறகு நீலக் கிழங்கில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டு போ என்றா. வேண்டாம் என்று சொன்னேன். அவவுக்குக் கோபம். எனக்குக் கை வெறுமையாக வர வேண்டும் போல் இருக்கிறது, ஈஸ்வரி. இந்த முறை நான் ஒன்றையும் காரணமாகத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

இதற்குப் பதில் எழுதினாலும் எனக்குக் கிடைக்காது, அதற்குள் புறப்பட்டுவிடுவேன். நீலங்கள் மொட்டு விட்டிருக்கின்றன. நான் ஏறி ஒரு கிழமையில் விரியும். வக்கீலின் நாய்தான் பார்க்கும்.

பஸ் நிலையத்துக்கு வந்து குளிரில் நிற்க வேண்டாம். மகளையும் அனுப்ப வேண்டாம். வழி நானே கேட்டு வருவேன், இங்கிலீசில் கேட்பேன். விலாசத்தை உறையில் எழுதி எழுதி என் கைக்கே பாடம். அழைப்பு மணி அடித்தால் அமலினியை இறங்க விட வேண்டாம். நீர் வந்து கதவைத் திறவும்.

குணரத்தினம்